கட்டிலின் இடது பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிற ஆள் நான். என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷம் டிரெஸ்ஸராக இருந்தவன் நான், புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது என் வேலை. பேய் பிடித்துவிட்டது என்று மாட்டு வண்டியில் கட்டிக் கொண்டுவந்த எத்தனையோ பேரைக் கட்டவிழ்த்து இறக்கியிருக்கிறேன். ஒருத்திக்கு மலைக்காய்ச்சல், ஒருவனுக்குக் காக்காய் வலிப்பு, இன்னொருத்திக்கு மாமியார் வீட்டில் நாலு நாளாகச் சோறு போடவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரைக்குப் போகாத பேயை நான் பார்த்ததே இல்லை. போதாததற்கு நான் வேதக்காரன், கிறிஸ்தவன், செத்தவர்கள் கடைசி நாள் வரைக்கும் உறங்குகிறார்கள் என்று படித்து வளர்ந்தவன்.

அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் வெள்ளைச் சேலையும் கிடையாது, நடுச்சாமமும் கிடையாது. நடந்ததெல்லாம் நல்ல வெளிச்சத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு.

ஜெர்மன் சண்டைக்கு ஐந்தாறு வருஷம் முந்தி. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஐப்பசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தென்கரையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஓடம் தள்ளுகிறவர் சுடலைமுத்து. நல்ல உயரம், தேக்கு மாதிரி உடம்பு, நாற்பது வயது இருக்கும். அவருக்கு ஆவுடை என்று ஒரே மகள், எட்டு வயது. அவர் அந்தப் பிள்ளையை ஒரு நாளும் ஓடத்தில் ஏற்றினதில்லை. அன்றைக்கு அக்கரையில் என்னவோ கோயில் கொடை, போயே தீருவேன் என்று அழுதிருக்கிறாள், சரி வா என்று ஏற்றியிருக்கிறார். நடு ஆற்றில் வெள்ளத்தோடு வந்த ஒரு பனந்தடி ஓடத்தின் பக்கவாட்டில் இடித்தது, ஓடம் கவிழ்ந்துவிட்டது. மற்ற ஆட்கள் எப்படியோ கரையைப் பிடித்துவிட்டார்கள். சுடலைமுத்து பிள்ளைக்காக மறுபடி முங்கினபோது அதே தடி அவர் தலையில் அடித்தது. அவரை இழுத்துப் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையை ஆறு கொண்டுபோய்விட்டது. நாலாம் நாள் ஆறு கடலில் சேருகிற புன்னக்காயலில், தாழம்புதரில் ஒதுங்கிக் கிடந்தாள். தாய் பேச்சியம்மாள் போய்ப் பார்த்து, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டு, ஈரம் காயாத சேலையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து புருஷன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அப்போது மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு கிடந்தார்.

ஆறாம் நாள் கண் விழித்தார். பெண்டாட்டியை அடையாளம் தெரிந்தது, ஊர் தெரிந்தது, ஆற்றில் எந்த இடத்தில் மணல் மேடு என்று கேட்டால் அதுகூடச் சொன்னார். ஓடம் கவிழ்ந்தது மட்டும் தெரியவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம், புதிதாக எதுவும் தங்கவில்லை. காலையில் நான் கட்டுப் பிரித்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது, தம்பி நீங்க எந்த ஊரு என்று கேட்பார், தச்சநல்லூர் என்று சொல்வேன், அங்கே அவருக்குத் தெரிந்த யாரையோ விசாரிப்பார். மருந்துத் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், தம்பி நீங்க எந்த ஊரு. நம்பினால் நம்புங்கள், ஐந்து மாசம் தினமும் அவருக்கு நான் புது ஆள்.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி ஆவுடை எங்கே என்பது. பேச்சியம்மாளுக்கு மறைக்கத் தெரியவில்லை. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, கட்டிலில் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஆள் அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் ஆகியிருக்கும், அழுகை தானாக நின்றது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பேச்சி, ஆவுடை எங்கட்டி, என்று கேட்டார்.

அவள் மறுபடி சொன்னாள். அவர் மறுபடி, முதல் தடவையாகக் கேட்கிற மாதிரியே கேட்டு, அதே அழுகை அழுதார். இப்படி இரண்டு நாளில் பதினொரு தடவை. பதினொரு தடவையும் அவருக்கு அன்றைக்குத்தான் பிள்ளை செத்தாள். மற்ற நோயாளிகளால் தாங்க முடியவில்லை என்று அவரை வராந்தாவின் கடைசியில் தனி அறைக்கு மாற்றினோம். அறைக்கு ஒரே வாசல், கட்டிலுக்கு வலது பக்கம். இடது பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். தலைமாடு சுவரை ஒட்டி இருக்கும், அதில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

எங்கள் டாக்டர் மதராஸில் படித்துவிட்டு வந்தவர், அதிகம் பேச மாட்டார். அவர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, இனிமேல் உண்மையைச் சொல்லாதே அம்மா, எங்காவது போயிருக்கிறாள் என்று சொல் என்றார். அவள் என்னிடம் வந்து சொன்னாள்.

"புன்னக்காயலுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுதேன் தம்பி. முழுப் பொய்யா இருக்காதுல்லா, அங்கனதான கிடக்கா."

அதற்கப்புறம்தான் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். அவர் கேட்காமல் இருக்கும்போதுகூட, பேச்சியம்மாள் வந்து வலது பக்கம் உட்கார்ந்து கையைத் தொட்டால் போதும், அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிடும், நாடி குதிரை மாதிரி ஓடும், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கண்ணுல என்னவோ விழுந்துட்டு தம்பி என்பார். அவளைப் பார்த்து அன்பாகத்தான் பேசுவார், ஆனால் கை மட்டும் பைய நழுவிப் போர்வைக்குள் போய்விடும்.

டாக்டர் இதை எனக்கு விளக்கினார். வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் மாடு தினம் நிற்கிற கடை வாசலில் தானே நிற்கும் இல்லையா, அதற்கு யார் சொன்னது? இவருக்கு நினைக்கிற இடம் கெட்டுப்போயிருக்கிறது, பழகுகிற இடம் கெடவில்லை. பதினொரு தடவை அவள் உட்கார்ந்தாள், கையைப் பிடித்தாள், இடி விழுந்தது. மனசு மறந்துவிட்டது, உடம்பு மறக்கவில்லை. இப்படித்தான் சொன்னார். அதை நான் வேறொரு விதத்திலும் கண்டேன். தலைப் புண்ணுக்கு அயோடின் போடும்போது பாட்டிலின் கண்ணாடி மூடி கிணுக்கென்று சத்தம் போடும். சில நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு தலையை இழுத்துக்கொள்வார், அயோடின் என்றால் என்ன என்று மட்டும் தெரியாது. புண் ஆறினபிறகு வேறு யாருக்காகவோ அந்தப் பாட்டிலை அங்கே வைத்துத் திறப்பேன், முதலில் தலையை இழுத்தார், எரியவில்லை என்றதும் ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் பைய விட்டுப்போயிற்று. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடம்பு ஒன்றைக் கற்க வேண்டுமானால் அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நடப்பது நின்றுவிட்டால் உடம்பும் விட்டுவிடும்.

பெண்டாட்டி புருஷன் கையைத் தொட முடியாமல் இருப்பது என்ன கொடுமை. டாக்டர்தான் வழி சொன்னார். தினம் காலையில் பேச்சியம்மாள் வலது பக்கம் உட்கார வேண்டும், உட்கார்ந்ததும் ஒரு துண்டு பனங்கற்கண்டை அவர் வாயில் போட வேண்டும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் நாள் முதல் எழுதிவை என்று என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். முதல் வாரம் கற்கண்டோடு அழுதார். இரண்டாம் வாரம் வேர்த்தது, அழவில்லை. மூன்றாம் வாரம் முடிகிறபோது அவள் வாசலில் தலை காட்டினாலே அவருக்கு எச்சில் ஊறி, வலது கை தானாக அவள் பக்கம் நீண்டது. அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஒரு மனுஷனைப் புதிதாகச் செய்துவிட்ட மாதிரி ஒரு கர்வம்கூட.

இதெல்லாம் நடந்தது காலை வேளையில், வலது பக்கத்தில். இடது பக்கம் யாரும் போனதே இல்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை.

பொங்கல் கழிந்து சில நாள் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அடுத்தாற்போல் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், நாலு மணிக்கு அங்கே மணி அடித்து விடுவார்கள். நான் அந்த நேரத்தில் அவருக்குக் காபித் தண்ணி கொண்டுபோவேன், அன்றைக்கு மணி அடித்ததும் அவர் கண் ஜன்னல் பக்கம் திரும்பியது. ஏதோ காக்கை என்று விட்டுவிட்டேன். மறுநாளும் திரும்பியது. நோட்டில் எழுதினேன். ஒரு வாரம் கழித்து, மணி அடித்ததும் உட்கார்ந்தபடியே வலது பக்கம் ஒரு முழம் நகர்ந்தார், வண்டியில் இன்னொருவருக்கு இடம் விடுவோமே, அந்த மாதிரி. இன்னும் பத்து நாள் போயிற்று, நகர்ந்தபின் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, வெறும் காற்றில் வைத்தார். கட்டிலிலிருந்து ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரம். கை அங்கேயே நின்றது. விரல் மட்டும் லேசாக அசைந்தது.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, கையை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

அவர் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார்.

"தெரியல தம்பி. எடுக்கதுக்குப் பாவமா இருக்கு."

பழைய பழக்கம் என்றார் டாக்டர். வீட்டில் பிள்ளை அந்த நேரத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அந்தப் பழக்கம் கிளம்பி வருகிறது. நான் காரணம் சொல்லாமல் பேச்சியம்மாளிடம் விசாரித்தேன். அவுக சாயங்காலம் நாலு மணிக்கு வீட்ல இருந்த நாளே கிடையாது தம்பி, விளக்கு வச்சபெறகுதான் ஓடத்தைக் கட்டிட்டு வருவாக, அதுக்குள்ள பிள்ளை தூங்கிப்போவா, என்றாள். நோட்டைப் பார்த்தால் எனக்கும் அது பழைய பழக்கமாகத் தெரியவில்லை. பழசு என்றால் ஒரே நாளில் முழுசாக வந்திருக்க வேண்டும். இது முதலில் கண், அப்புறம் இடம், அப்புறம் கை என்று மூன்று வாரத்தில் ஏறி வந்திருக்கிறது, கற்கண்டு ஏறினதைப் போலவே.

அப்படியானால் யாரோ தினமும் வந்து உட்காருகிறார்கள், என்றார் டாக்டர். நோயாளி வீட்டுப் பிள்ளை ஏதாவது விளையாட்டாக வரும், நீ காபி கொண்டுபோவதற்குள் ஓடிவிடும், கண்டுபிடி. எனக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாளிலிருந்து மூன்றரை மணிக்கே ஒரு முக்காலியைக் கொண்டுபோய் அறைக்குள் ஜன்னல் பக்கமாகவே போட்டு உட்கார்ந்தேன். பத்து நாள். பிள்ளை ஒன்றும் வரவில்லை, பூனைகூட வரவில்லை. ஆனால் அவர் கை மூன்றாம் நாள் பாதி உயரத்தோடு நின்றது. ஐந்தாம் நாள் எழவில்லை. எட்டாம் நாள் இடம் விடவில்லை. பத்தாம் நாள் மணி அடித்தபோது கண்கூடத் திரும்பவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அயோடின் பாட்டில் சத்தம் மறந்ததே, அதே விதமாக உடம்பு மறந்தது. அந்தப் பத்து நாளும் அவர் ஆவுடை எங்கே, ஆவுடை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு முந்தின சில வாரம் அவர் அப்படிக் கேட்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதினோராம் நாள் நான் உள்ளே போகவில்லை. முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரம், அங்கே நின்றால் அவர் அறையின் வாசலும் தெரியும், உள்ளே கட்டிலும் தெரியும், கட்டிலுக்குப் பின்னால் ஜன்னல் கம்பியும் தெரியும். அன்றுமுதல் தினமும் மூன்றரை முதல் நாலரை வரை கண்ணை எடுக்காமல் நின்றேன். யாரும் உள்ளே போகவில்லை. அதை நான் எந்த வேதப்புத்தகத்தின் மேலும் கை வைத்துச் சொல்வேன், யாரும் போகவில்லை. நான் மரத்தடியில் நின்ற மூன்றாம் நாள் மணிக்குக் கண் திரும்பியது. ஐந்தாம் நாள் இடம் விட்டார். ஏழாம் நாள் கை எழுந்து பழைய உயரத்தில் போய் நின்றது. இந்தத் தடவை சீக்கிரமாகவே கற்றுக்கொண்டார், ஒரு தரம் கற்றது மறுபடி சுலபம்.

நீங்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். என் மகள் வந்தாள் என்று அந்த மனிதர் வாயால் சொல்லியிருந்தால், மூளை கெட்டவர் பேச்சு என்று போயிருப்பேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. வேண்டுமென்று நடிக்கவும் முடியாது, நேற்று நடித்தது இன்றைக்கு நினைவிருக்காது. திரும்பத் திரும்ப நடந்தால் மட்டுமே கற்கிற அந்த உடம்பு, கற்றிருந்தது. அப்படியானால் திரும்பத் திரும்ப என்ன நடந்தது? நான் உட்கார்ந்திருந்த பத்து நாளும் நடக்காமல் இருந்தது என்ன?

நோட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். அதைப் பற்றி அவர் கடைசி வரை என்னிடம் பேசவில்லை.

பேச்சியம்மாளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் தினம் வேப்பமரத்தடியில் கல் மாதிரி நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். மணி அடித்தது. அவர் நகர்ந்தார், கை எழுந்தது, முகம் ஒரு மாதிரி இளகிப்போயிற்று. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையின் உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக கையைத் தொட்டுப் பாத்தீகளா தம்பி? ஈரமா இருக்கா?"

நான் தொட்டிருக்கிறேன். ஈரம் இல்லை அக்கா, காய்ந்துதான் இருக்கிறது, வெதுவெதுப்பாக இருக்கிறது, என்றேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப துவட்டிட்டா. நான் கடைசியா பாக்கையில தலையெல்லாம் சொட்டச் சொட்டக் கிடந்தாளே."

மறுநாள் அவள் செய்ததை யார் தடுக்க முடியும்? நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் உள்ளே போய், கட்டிலைச் சுற்றிக்கொண்டு, இடது பக்கத்தில், அந்த இடத்தில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். மணி அடித்தது. அவர் கண் திரும்பியது, அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது.

"பேச்சி, அந்தப் பக்கம் உக்காராதட்டி."

"ஏன், உக்காந்தா என்ன?"

"தெரியல. எந்திரி. இங்கன வலப் பக்கம் வா."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் அவளப் பெத்த தாயி, எனக்கு ஒரு தடவ கிடையாதா என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள். அவருக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்று புரியவில்லை, அவள் அழுவதைப் பார்த்து அவர் கண்ணும் கலங்கியது. அன்றைக்குக் கை எழவில்லை. அவள் நாலு நாள் விடாமல் அங்கே உட்கார்ந்தாள். நாலாம் நாள் அவர், ஆவுடை எங்கட்டி, பிள்ளையைக் காணலையே, என்று கேட்டார். பேச்சியம்மாள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

என்னிடம் வந்து, இனி நாலு மணிக்கு நானும் போவல, நீங்களும் போவாதீக தம்பி, அந்தக் காபித் தண்ணியப் பெறகு குடிக்கட்டும், என்றாள். நான் சரி என்றேன். அதற்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு அவள் அறைக்கு வெளியே, தலைமாட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். எட்டிப் பார்க்க மாட்டாள். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒன்றும் நினைவில்லாதவருக்குத் தினம் கிடைத்தது. நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து எத்தனையோ தரம் இதைக் கர்த்தரிடம் கேட்டிருக்கிறேன். பிள்ளை வருகிறாள் என்று நம்பினால் நான் படித்த வேதம் இடிக்கிறது, வரவில்லை என்றால் நானே எழுதின நோட்டு இடிக்கிறது.

பங்குனியில் அவரை ஊருக்குக் கூட்டிப் போனாள். இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வண்டியில் ஏறும்போது சுடலைமுத்து என்னைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டு, தம்பி நீங்க எந்த ஊரு என்று கேட்டார்.

அதற்கப்புறம் எட்டு வருஷம் நான் அவர்களைப் பார்க்கவில்லை. கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று ஓடிவிட்டது, உண்மையைச் சொன்னால் பார்க்கப் பயமாகவும் இருந்தது. ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் வாந்திபேதி, ஊர் ஊராக மருந்து கொடுக்க எங்களை அனுப்பினார்கள். அப்படி ஒரு நாள் அந்தத் தென்கரை ஊருக்கே போய்விட்டேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை, பனையோலைக் கூரை, மண் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. பேச்சியம்மாளுக்குத் தலை முக்கால் நரைத்திருந்தது, நாற்று நட்டுப் பிழைப்பதாகச் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்து ஒரு பலகைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், உடம்பு வற்றிப்போயிருந்தது, முகம் மட்டும் கலக்கம் இல்லாமல் இருந்தது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

நான் கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன், அவளே பேச்சை எடுத்தாள். ஊருக்கு வந்தபின் இருபது நாள் ஒன்றும் இல்லையாம், விட்டுப்போயிற்று என்று நினைத்தாளாம். அங்கே பள்ளிக்கூட மணி கிடையாது, வெயில் வாசற்படியை விட்டு இறங்குகிற நேரத்துக்கு மறுபடி முதலில் கண், அப்புறம் இடம், அப்புறம் கை என்று வந்ததாம். வழி கேட்டு வந்துசேர அம்புட்டு நாளாயிட்டுபோல என்றாள், சாதாரணமாக, வெளியூரிலிருந்து விருந்தாள் வந்ததைச் சொல்வது மாதிரி. அந்த நேரத்துக்கு அவள் வீட்டுக்குள் இருக்க மாட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே போய், தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பூவரச மரத்து நிழலில் நின்றோம். திறந்த வாசல் வழியே அவர் தெரிந்தார்.

வெயில் படியை விட்டு இறங்கியது. அவர் கண் இடது பக்கம் திரும்பியது. நகர்ந்து இடம் விட்டார். கை எழுந்தது. நான் பார்த்துப் பழகின உயரத்தில் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அதைத் தாண்டி மேலே போயிற்று, அவர் தோளையும் தாண்டி, அவர் காதுக்கு நேராகப் போய், உள்ளங்கை கவிழ்ந்து, நின்றது.

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கினபின் என்னை உள்ளே கூட்டிப் போய், அவருக்கு இடது பக்கத்துச் சுவரைக் காட்டினாள். அந்த ஒரு இடத்தில் மட்டும் வெள்ளை அடிக்காமல் விட்டிருந்தாள். அடுப்புக்கரியால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. பொங்கலுக்குப் பொங்கல் மரத்தடியிலிருந்து கண்ணால் அளந்துவைத்துக்கொண்டு, கை இறங்கினதும் வந்து கோடு போடுவாளாம்.

"என்னைவிட ரெண்டு விரக்கடை ஒசரம் தம்பி. அவுக வளத்தி."

அவள் அதைச் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்தத் தாய் முகத்திலும் பார்த்ததில்லை. நான் விடைபெற்று வந்துவிட்டேன். மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் பாதித் தூரம் வந்தபின்தான் அந்தக் கோடுகளை மனதுக்குள் மறுபடி எண்ணினேன்.

எட்டுக் கோடு. கீழே உள்ளவை எட்ட எட்ட இருந்தன, மேலே போகப் போக நெருங்கின. ஏழாவதும் எட்டாவதும் ஒரே உயரத்தில், ஒன்றின் மேலேயே ஒன்றாக, தடிப்பாக விழுந்திருந்தன. எட்டு வயதில் போன பிள்ளைக்குக் கடைசிக் கோடு போட்ட பொங்கலோடு பதினாறு முடிந்திருக்கும். அந்த வயதோடு பெண்பிள்ளைகளுக்கு வளர்த்தி நின்றுவிடும் என்பது எங்கள் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் உண்டு. சுடலைமுத்துவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்தாலும், மறுநிமிஷம் நினைவிருக்காது.